கணினியும் காற்றுச் சுரங்கமும் இருக்கும்போது போர் விமானங்களை ஏன் ஆண்டுக்கணக்கில் பறந்து சோதிக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அதனோடு இரண்டு துணைக் கேள்விகளையும் இணைத்திருக்கிறார்: சோதனை விமானிகள் வெறும் துணிச்சல்காரர்கள்தானா என்பது ஒன்று, விமானத்தை விலை கொடுத்து வாங்க மட்டுமே செய்யும் மலேசியா போன்ற நாட்டுக்கு இதில் வேலை ஏதும் உண்டா என்பது மற்றொன்று. நான் பினாங்கில் ஒரு கல்லூரியில் இயந்திரப் பொறியியல் கற்பிக்கிறேன். வீடு பாகான் ஆஜாமில், பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருப்பதாலும், ஆஸ்திரேலியர்கள் அந்தத் தளத்தை நடத்திய காலத்தில் என் தந்தை அங்கே பண்டகசாலை ஊழியராக இருந்ததாலும், போர் விமானங்களைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் புதிதல்ல.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஓடும் மாதிரியும் சரி, காற்றைச் செயற்கையாகப் பாய்ச்சும் காற்றுச் சுரங்கத்தில் பொருத்தப்படும் மாதிரியும் சரி, முன்பு பறந்த விமானங்கள் தந்த அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை. அந்த அளவீடுகள் எட்டிய எல்லைவரை அவை சொல்வதை நம்பலாம். போர் விமானமோ பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டுவதற்காகவே கட்டப்படுகிறது.

இராணுவச் சோதனைப் பறப்பின் வடிவம் மிகத் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. அமெரிக்கத் தரைப்படையின் சமிக்ஞைப் பிரிவு 1907 டிசம்பரில் வெளியிட்ட அறிவிப்பு, இரண்டு பேரைச் சுமக்க வேண்டும், மணிக்கு 40 மைல் வேகத்தில் செல்ல வேண்டும், ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்று நிபந்தனைகளை வரிசைப்படுத்தியது. வேகம் கூடினால் ஒவ்வொரு மைலுக்கும் ஊக்கத்தொகை உண்டு. குறைந்தால் பிடித்தம் உண்டு. ரைட் சகோதரர்களில் ஒருவரான ஓர்வில் ரைட் 1908 செப்டம்பர் 17 அன்று ஃபோர்ட் மையரில் பறந்து காட்டியபோது உந்துவிசிறியில் விரிசல் கண்டு, அது வாலைத் தாங்கிய கம்பியை அறுத்தது. விமானம் விழுந்து, உடன் பயணம் செய்த லெஃப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் உயிரிழந்தார். இயந்திர விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவர். மறுஆண்டு ஓர்வில் திரும்பி வந்து மணிக்கு 42 மைலுக்குச் சற்று மேற்பட்ட வேகத்தைக் காட்டினார். 25,000 டாலர் விலையோடு 5,000 டாலர் ஊக்கத்தொகையும் கிடைத்தது. நிபந்தனை, அளவீடு, அதன்பின் பணம் என்ற அந்த ஒழுங்கு இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

கேள்வியின் உயிர்நாடி இருப்பது 1940களில். ஒலிவேகத்தை நெருங்கும்போது அன்றைய காற்றுச் சுரங்கங்கள் பயனற்றுப் போயின. மாதிரியிலிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலைகள் சுரங்கத்தின் சுவர்களில் பட்டுத் திரும்பி, ஓட்டத்தையே அடைத்து, அளவீடுகளைக் குழப்பின. அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் சுவரில் நீளவாட்டில் பிளவுகளை விட்டு இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள் என்றாலும், அது முழுமையாகக் கைகூட 1950 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் விடை தெரிய வேண்டுமானால் ஆளோடு ஒரு விமானத்தை மேலே அனுப்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பெல் எக்ஸ்-1 அதற்காகவே கட்டப்பட்ட பறக்கும் ஆய்வுக்கூடம்.

1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானப்படை விமானி சக் யேகர் அதில் மாக் 1.06 வேகத்தை (ஒலிவேகத்தைப் போல் 1.06 மடங்கு) எட்டிய கதையைப் பலரும் அறிவார்கள். குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்திருந்ததும், கதவைச் சாத்தத் துடைப்பக் கட்டையின் துண்டு ஒன்றை எடுத்துச் சென்றதும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டன. என்னைக் கேட்டால், அந்தத் திட்டத்தின் உண்மையான கண்டுபிடிப்பு அதற்குச் சில நாள் முன்பே நிகழ்ந்தது. ஏறத்தாழ மாக் 0.94 வேகத்தில் யேகர் கட்டுப்பாட்டுக் கோலை இழுத்தார், விமானம் அசையவில்லை. கிடைமட்ட வாலின் பின்விளிம்பில் கீலில் ஆடும் எலிவேட்டர் என்ற பகுதிக்குச் சரியாக முன்னால் அதிர்ச்சி அலை வந்து உட்கார்ந்துகொண்டதால், அதன் அசைவு காற்றில் எடுபடவில்லை. திட்டத்தின் பொறியாளரும் விமானியுமான ஜாக் ரிட்லி கணக்குப் போட்டுப் பார்த்து, எலிவேட்டரை விட்டுவிட்டு வால் முழுவதையுமே சிறு சிறு கோணங்களில் திருப்பலாம் என்றார். அதற்கான வசதி எக்ஸ்-1இல் ஏற்கெனவே இருந்தது. அந்த முழுவால் கட்டுப்பாடுதான் ஒலிவேகத்தைத் தாண்ட வைத்தது. சில ஆண்டுகளில் எஃப்-86 சேபர் போர் விமானத்திலும் ஏறியது. கொரிய வானத்தில் சேபரை எதிர்கொண்ட மிக்-15இல் அது கிடையாது.

இங்கேதான் அந்த வரலாறு எங்கள் ஊரைத் தொடுகிறது. 1958 இறுதியிலிருந்து பட்டர்வொர்த்தில் நின்ற ஆஸ்திரேலிய விமானங்கள் சேபர்கள்தாம். பின்னர் அவற்றில் சிலவற்றை ஆஸ்திரேலியா மலேசியாவுக்கே கொடுத்தது. தரையில் நிற்கும்போது கிடைமட்ட வால் முழுவதும் ஒரே துண்டாகச் சாய்ந்திருப்பதைத் தந்தை பார்த்திருக்கிறார், ஏன் அப்படி என்று அங்கே யாரும் அவருக்குச் சொன்னதில்லை. மெல்பர்னில் கட்டப்பட்ட அந்தச் சேபருக்கு ரோல்ஸ்-ராய்ஸ் ஏவன் எஞ்சினைப் பொருத்தியதால் உடலின் பெரும்பகுதியையே மாற்றி வரைய வேண்டியிருந்தது. ஆகவே 1953இல் அது முதன்முதலாகப் பறந்தபோது, பெயர் பழையதாக இருந்தும் சோதனைகளை அடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சோதனையில் வெளிப்படும் குறை எப்போதும் கம்பீரமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிரிட்டனின் ஹாக்கர் ஹண்டர் உயரத்தில் பீரங்கிகளைச் சுட்டபோது, அந்த வாயுவை எஞ்சின் விழுங்கித் திணறியது. வெளியே தள்ளப்பட்ட தோட்டா இணைப்புக் கண்ணிகள் அடிப்பாகத்தைச் சேதப்படுத்தின. அவற்றைச் சேகரிக்க மூக்குப் பகுதியின் அடியில் இரண்டு புடைப்புகளைப் பொருத்தினார்கள். ஹண்டரின் படங்களில் அந்தப் புடைப்புகளைத் தெளிவாகக் காணலாம். அமெரிக்காவின் ஒய்எஃப்-102 இன்னும் மோசம்: ஒலிவேகத்தைத் தாண்டுவதற்கென வடிவமைத்த அந்த விமானத்தால் 1953இல் நேர்மட்டப் பறப்பில் அதைத் தாண்டவே முடியவில்லை. பொறியாளர் ரிச்சர்ட் விட்கோம்ப் கண்ட விதியின்படி, இறக்கை சேரும் இடத்தில் உடலைக் குறுக்கி இடுப்பு வைத்து மீண்டும் கட்டிய பிறகே 1954 டிசம்பரில் அது சாத்தியமாயிற்று.

எங்கள் தலைக்கு மேல் இப்போது பறக்கும் எஃப்/ஏ-18டி ஹார்னெட்டில் இத்தகைய அடையாளம் ஒன்று இருக்கிறது. விமானியின் கண்ணாடிக் கூண்டுக்கும் இறக்கைக்கும் இடையில் நீண்டிருக்கும் தட்டையான விளிம்பின் மேல், ஒரு கை நீளத்துக்கு மேற்படாத தகடு ஒன்று செங்குத்தாக நிற்கும். வடிவமைப்பாளர்கள் முதலில் வரைந்த படத்தில் அது இல்லை. மூக்கை நன்றாக உயர்த்திப் பறக்கும்போது அந்த விளிம்பிலிருந்து காற்று சுழலாக எழுந்து இறக்கைக்கு உயிர் கொடுக்கிறது; ஆனால் அதே சுழல் பின்னால் சென்று உடைந்து, இரட்டை வால் துடுப்புகளை இடைவிடாமல் உலுக்குகிறது. துடுப்புகளின் அடியில் உலோகக் களைப்பால் விரிசல்கள் தென்பட்ட பிறகு, 1980களின் பிற்பகுதியில் இந்தத் தகட்டைச் சேர்த்தார்கள். நாசா தனியாக ஒரு ஹார்னெட்டை ஒதுக்கி, அதன் மூக்கருகிலிருந்து புகை விட்டுச் சுழல் எங்கே உடைகிறது என்று 1987 முதல் 1996 வரை ஆராய்ந்தது. மெல்பர்னிலோ பின்னுடலைத் தரையில் நிறுத்தி, காற்றுப் பைகளால் அழுத்தியும் அதிர்வுக் கருவிகளால் குலுக்கியும் அது எத்தனை காலம் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். 1997இல் மலேசியாவுக்கு வந்த எட்டு ஹார்னெட்டுகளும் அந்தத் தகட்டுடனேயே வந்தன.

பிறகு மென்பொருளின் காலம் வந்தது. குறைகளைக் கண்ணால் பார்ப்பது கடினமாயிற்று. 1989 பிப்ரவரி 2 அன்று சுவீடனின் கிரிப்பன் போர் விமானத்தின் முன்மாதிரி தரையிறங்கும்போது கட்டுப்பாடு இழந்து ஓடுபாதையில் புரண்டது. விமானி லார்ஸ் ரோடஸ்ட்ரோம் கை முறிவோடு தப்பினார். விமானி கோலை அசைக்கிறார். கணினி அதைக் கட்டுப்பாட்டுப் பரப்புகளுக்குச் சொல்கிறது. பரப்புகள் திரும்பக்கூடிய வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அவசரத்தில் கோல் அதைவிட வேகமாக ஆடினால் விமானத்தின் பதில் பின்தங்குகிறது, பின்தங்கியதைத் திருத்த விமானி மேலும் இழுக்கிறார், ஊசலாட்டம் வளர்கிறது. இதைச் சீராக்க மென்பொருளை மாற்றிய பிறகும் 1993இல் ஸ்டாக்ஹோம் நகரின் நடுவில், திருவிழாக் கூட்டத்துக்கு மேலே, அதே விமானி மற்றொரு கிரிப்பனிலிருந்து இருக்கையோடு வெளியேற நேர்ந்தது. தரையில் ஒருவர்கூட இறக்கவில்லை என்பது பெரும் பேறு. இடையில் 1992இல் அமெரிக்காவின் ஒய்எஃப்-22ம் ஓடுபாதைக்கு மேல் இதே வகை ஊசலாட்டத்தில் சிக்கி விழுந்தது. தரையிலுள்ள சிமுலேட்டர் என்னும் பாவனைப் பொறியில் அமர்ந்திருக்கும் விமானி, தான் இறக்கப்போவதில்லை என்று அறிந்தவர். அவர் கோலைப் பதற்றத்தோடு இழுப்பதில்லை. இந்தக் குறை பறக்கும்போது மட்டும் வெளிப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

துணிச்சல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஒரு சோதனைப் பறப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் வீரக்கதைக்கு அதில் இடம் குறைவு என்பது புரியும். இறக்கை காற்றோடு சேர்ந்து தானே அதிரத் தொடங்கும் ஃபிளட்டர் என்ற ஆபத்தைச் சோதிக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விமானியின் தொடையில் கட்டிய அட்டையில் உயரமும் வேகமும் எழுதியிருக்கும். அந்த வேகத்தை எட்டியதும் கோலை ஒருமுறை தட்டுவார். இறக்கை நடுங்கும், அந்த நடுக்கம் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது ரேடியோ வழியாகத் தரையில் இருக்கும் பொறியாளர்களின் திரையில் ஓடும். விரைவாக அடங்கினால் அடுத்த படிக்கு அனுமதி உண்டு. அடங்க நேரம் கூடிக்கொண்டே போனால் அன்றைய வேலை முடிந்தது, விமானி எவ்வளவு கேட்டாலும் அடுத்த படி கிடையாது. இப்படிப் படிப்படியாக விரிந்துதான் ஒரு விமானத்தின் பறப்பு எல்லை வரையப்படுகிறது. எஃப்-35இன் உருவாக்கச் சோதனை 2018இல் முடிந்தபோது 9,200க்கு மேற்பட்ட பறப்புகளும் 17,000 மணி நேரமும் ஆகியிருந்தன. இந்த வேலைக்கென்றே பிரிட்டன் 1943இல் பாஸ்கம் டௌனில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. அங்கே கற்றுக்கொடுப்பதில் பெரும்பகுதி அளப்பதும் அறிக்கை எழுதுவதும்தான்.

ஆனாலும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் முக்கியச் சோதனைத் தளமான எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தின் பெயரே, 1948இல் ஒய்பி-49 குண்டுவீச்சு விமான விபத்தில் நான்கு பேருடன் இறந்த கிளென் எட்வர்ட்ஸ் என்ற சோதனை விமானியின் பெயர். பெங்களூரில் ஜெர்மானியரான குர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் என்ற இந்தியப் போர் விமானத்துக்கு, எஞ்சின் பொருத்துவதற்கு முன்பே அதே வடிவில் மரத்தால் ஒரு சறுக்கு விமானத்தைச் செய்து, டகோட்டா என்ற போக்குவரத்து விமானத்தால் இழுத்து மேலேற்றி 1959இல் பறக்கவிட்டார்கள். வசதி குறைந்த இடத்தில் இத்தனை நிதானமாக யோசித்த அந்த முறை, எட்வர்ட்ஸில் நடந்த பலவற்றை விட என்னைக் கவர்கிறது. 1961 ஜூன் 17 அன்று உண்மையான மாருத்தை முதன்முதலாகப் பறக்கவிட்ட சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரியில் அதன் மற்றொரு வகையைச் சோதிக்கும்போது உயிரிழந்தார்.

மலேசியாவின் பங்கு சிறியது என்றாலும் இல்லை என்று சொல்ல முடியாது. 2003இல் நாம் கேட்டு வாங்கிய 18 சுகோய்-30எம்கேஎம் விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: உடல் ரஷ்யாவினுடையது, இலக்கைக் காட்டும் டமோக்ளிஸ் கருவி பிரான்சினுடையது, எச்சரிக்கை உணரிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவை. இத்தகைய கலவையை வாங்குபவர் கேட்டாலொழிய எந்தத் தயாரிப்பாளரும் முன்கூட்டிச் சோதித்து வைத்திருப்பதில்லை. இறக்கையின் கீழ் ஒரு கருவியைத் தொங்கவிட்டால் எடையும் இழுவிசையும் மட்டுமல்ல, இறக்கை அதிரும் விதமும் மாறுகிறது. குண்டாக இருந்தால் அது விடுபடும்போது விமானத்தின் மேலேயே திரும்பி மோதாது என்பதையும் காட்டியாக வேண்டும். எதை, எந்த வேகம்வரை, எந்தத் திருப்பம்வரை சுமக்கலாம், எந்த நிலையில் விடுவிக்கலாம் என்ற அட்டவணை விமானத்தோடு சேர்ந்து வருகிறது. அதில் இல்லாத ஆயுதம் ஒன்றை நாளை மாட்ட விரும்பினால், தட்டிப் பார்த்து அடங்குகிறதா என்று கவனிக்கும் அந்தப் பறப்புகளை மீண்டும் தொடங்க வேண்டும், அதற்கான செலவையும் கேட்ட நாடே ஏற்க வேண்டும்.