பாதிச் சாபம்

கேள்வி: ஒபாமாவின் பாதிரியார் ஜெரமையா ரைட், சர்ச்சிலேயே நின்றுகொண்டு அமெரிக்காவைச் சபித்தவர். சொந்த நாட்டைச் சபிக்கிற ஆளிடம் பரிவு காட்டச் சொல்கிறீர்களே, நியாயமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘சபித்தவர்’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அந்தச் சொல்லுக்காகவே உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் யாரையும் திட்டலாம். சாபம் விட வயிறு எரிந்திருக்க வேண்டும். கோர்ட்டுப் படி ஏற முடியாமல், பஞ்சாயத்திலும் எடுபடாமல் போன கிழவிதான் நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றுவாள். புலவன் பாடிச் சபிப்பதற்குத் தமிழில் என்ன பெயர்? அறம் பாடுதல். பல்லவ மன்னன் நந்திவர்மன் தன்மேல் அறம் வைத்துப் பாடிய கலம்பகத்தை உட்கார்ந்து கேட்டே உயிரை விட்டான் என்பது நம் கதை. ஆளைக் கொல்லும் பாட்டுக்கு அறம் என்று பேர் வைத்த மொழிக்காரர்கள் நாம். சாபம் என்றதும் ‘யார் விட்டது’ என்று மட்டும் கேட்டு நிறுத்தலாமா? ‘எதற்காக’ என்றும் கேட்க வேண்டாமா?

2003 ஏப்ரல் 13. சிகாகோவின் தென்பகுதியில் உள்ள டிரினிட்டி சர்ச். அரசாங்கத்தையும் கடவுளையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்பதுதான் அன்றைய பிரசங்கம். செவ்விந்தியர்களை ஒதுக்கிடங்களில் தள்ளியது, ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது, ஆப்பிரிக்கர்களைச் சங்கிலி போட்டு ஏலம் விட்டது என்று அடுக்கிக்கொண்டே வருகிறார் ரைட். இத்தனையும் செய்துவிட்டு, பெரிய பெரிய ஜெயிலாகவும் கட்டிவிட்டு, ‘கடவுளே அமெரிக்காவை ஆசீர்வதியும்’ என்று எங்களைப் பாடச் சொல்கிறார்களா என்று கேட்கிறார். அந்தப் பாட்டுக்கு அவர் சொன்ன பதில்தான் அந்தச் சாபம்: ஆசீர்வாதம் இல்லை, கடவுள் அமெரிக்காவைச் சபிக்கட்டும். அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது: அமெரிக்கா தன்னையே கடவுளாக நினைத்து நடக்கும் வரைக்கும்.

2008 மார்ச்சில், ஒபாமா ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட தேர்தல் சூட்டில், தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஓட்டியது சில விநாடிகள். 2001 செப்டம்பர் 16 பிரசங்கத்துக்கும் இதே கதிதான். அமெரிக்கா செய்த வினை அதன் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது என்று அன்று அவர் சொன்னதை மட்டும் கத்தரித்தார்கள். அவர் எடுத்துக்கொண்டது 137ஆம் சங்கீதம். பாபிலோன் ஆற்றங்கரையில் அழுதவர்கள், எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடிக்கும் சங்கீதம். ஆயுதம் ஏந்தியவன்மீது வந்த வெறுப்பு, ஆயுதமே இல்லாதவன்மீது திரும்பிவிடும் என்று அவர் எச்சரித்தார். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது.

பத்திரிகைக்காகப் பேச்சை வெட்டுவது என் தொழில். ஒரு பேச்சில் எந்த வரியை எடுத்தால் ஆள் மகானாவான், எதை எடுத்தால் அயோக்கியன் ஆவான் என்று எந்த உதவி ஆசிரியரும் சொல்வார். அதனால்தான் துண்டுப் பேச்சைக் காட்டித் தீர்ப்பு எழுதுகிறவர்களோடு எனக்கு இன்றுவரை சமாதானம் கிடையாது.

ரைட் சொன்னது அத்தனையும் சரியா? இல்லை. எய்ட்ஸ் கிருமியை அரசாங்கமே உண்டாக்கியது என்று அதே 2003 பிரசங்கத்தில் சொன்னார். அது பொய். மருந்தை நம்ப வேண்டிய நோயாளி அதைக் கேட்டுப் பயந்தால் உயிரே போகும். ஒரு பாதிரியார் வாயில் அது வந்திருக்கவே கூடாது.

அதை நம்பியவர்கள் ஏன் நம்பினார்கள்? அலபாமாவில் டஸ்கீகி என்று ஓர் ஊர். 1932 முதல் 1972 வரை அங்கே சுமார் 600 கறுப்பின ஆண்களை அரசாங்கச் சுகாதாரத் துறை கண்காணித்துவந்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்ற பால்வினை நோய். நோயின் பெயரைச் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்க்க வேண்டுமே! முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க ஆட்களை வரவழைக்க ஒரு கடிதம் போட்டார்கள்: விசேஷ இலவச சிகிச்சைக்கு இதுவே கடைசி வாய்ப்பு, நர்ஸை அவசியம் சந்தியுங்கள். பிணத்தை அறுத்துப் பார்க்கச் சம்மதித்தால் அடக்கச் செலவும் உண்டு. இது பத்திரிகையில் வெடித்தது 1972 ஜூலையில். ரைட் டிரினிட்டியில் பொறுப்பேற்றதும் அதே வருடம்தான். அந்த சர்ச்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் இந்தச் செய்தியைப் படித்தவர்கள். ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்க 1997 ஆயிற்று.

ஒபாமா 2008 மார்ச் 18இல் பிலடெல்பியாவில் பேசியதை நான் இன்றும் மதிக்கிறேன். ரைட்டின் பேச்சைக் கண்டித்தார், ஆளைக் கைவிடவில்லை. தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டியைப் பற்றிச் சொன்னார். தெருவில் கடந்துபோகும் கறுப்பின ஆண்களைக் கண்டால் தனக்குப் பயம் என்று பேரனிடமே சொன்ன பாட்டி. வேலை போன வெள்ளைத் தொழிலாளியின் மனக்குறைக்கும் அதே பேச்சில் இடம் கொடுத்தார். ஏப்ரல் கடைசியில் ரைட் பத்திரிகையாளர் மன்றத்துக்குப் போய் எய்ட்ஸ் பேச்சை விட்டுக்கொடுக்காமல் நின்றதும் உறவு முறிந்தது. அதில் நான் ஒபாமாவைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தேசத் துரோகி என்று ஏசப்பட்ட இந்த ரைட், கல்லூரியை விட்டுப் படையில் சேர்ந்து ஆறு வருடம் இருந்தவர். 1966இல் ஜனாதிபதி ஜான்சனுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, கவனித்துக்கொண்ட மருத்துவக் குழுவில் கடற்படை உதவியாளராக நின்றவர்.

ஜெரமையா என்பது நம் வேதாகமத்தில் எரேமியா. அவனும் சொந்த நகரம் விழும் என்று சொன்னவன்தான். இவன் பேச்சால் போர்வீரர் கை தளர்கிறது என்று பிரபுக்கள் அவனைத் துரவுக்குள் இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, சேறு. அவனுக்காக ராஜாவிடம் போய் நின்றவன் எபெத்மெலேக், எத்தியோப்பியன். எரேமியா பேசியது சரி என்று அவன் வாதாடவில்லை; அந்த ஆள் அங்கே பட்டினியால் செத்துப்போவான் என்றான். ராஜா முப்பது பேரைக் கொடுத்தான். எபெத்மெலேக் நேரே துரவுக்குப் போகவில்லை. முதலில் அரண்மனைக்குள் போய்ப் பழைய கந்தல் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். கயிற்றோடு அவற்றையும் கீழே விட்டு, அக்குளில் வைத்துக்கொள்ளும், கயிறு அதற்குமேல் இருக்கட்டும் என்று குரல் கொடுத்துவிட்டு இழுத்தான்.