கையடக்க கன்சோல்ல ரெண்டு பேர் சேர்ந்து ஆட நல்ல பிளாட்பார்ம் அட்வென்ச்சர் கேம் எது? ஒருத்தர் ரொம்ப நாளா கேம் ஆடுறவர், இன்னொருத்தருக்கு எல்லாமே புதுசு, சண்டை வரக்கூடாது.

கிர்பி அண்ட் தி அமேசிங் மிரர். கண்ண மூடிட்டு சொல்லுவேன்.

2004ல கேம் பாய் அட்வான்ஸ்ங்கிற நின்டெண்டோ கையடக்க கன்சோலுக்கு வந்த கேம் இது, ஹீரோ கிர்பிங்கிற உருண்டையான குட்டி ஆள். ஹால் லேபரட்டரி கூட ஃபிளாக்ஷிப், டிம்ப்ஸ்னு இன்னும் ரெண்டு கம்பெனி சேர்ந்து பண்ணது. பழசுதான், ஆனா நீங்க கேட்ட "சண்டை வரக்கூடாது" கண்டிஷனுக்கு இதைவிட பொருத்தமா எனக்கு வேற எதுவும் தோணல.

ஏன்னா சேர்ந்து ஆடுற (கோ-ஆப்) பிளாட்பார்ம் கேம்ல சண்டை எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க, ரெண்டு பேரும் ஒரே ஸ்கிரீன்ல இருப்பாங்க, நல்லா ஆடுறவர் விறுவிறுன்னு முன்னாடி போவார், கேமரா அவரோடயே போயிடும், புதுசா ஆடுறவர் ஸ்கிரீன் ஓரத்துல மாட்டி செத்துப்போவார், அப்புறம் "கொஞ்சம் நில்லேன்", "நீ சீக்கிரம் வாயேன்"னு ஆரம்பிச்சா முடியாது. இந்த கேம்ல அந்த பேச்சுக்கே இடமில்ல. ஆளுக்கொரு கன்சோல், ஆளுக்கொரு ஸ்கிரீன், அதனால ஒருத்தர் ஒரு ரூம்ல இருக்கும்போது இன்னொருத்தர் மேப்போட வேற மூலையில திரியலாம். கதையும் அதுக்கு ஏத்த மாதிரிதான், டார்க் மெட்டா நைட்ங்கிற வில்லன் ஒரே வெட்டுல கிர்பிய நாலா ஆக்கிடுவான், அங்க இருக்கிற மாயக் கண்ணாடி எட்டு துண்டா உடைஞ்சு கண்ணாடி உலகம் பூரா சிதறிடும், நாலு கலர் கிர்பியும் தேடிப் போகணும். லெவல் ஒண்ணு, லெவல் ரெண்டுன்னு வரிசையெல்லாம் கிடையாது, எல்லா ஏரியாவும் கதவு கதவா ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கும். (கேபேஜ் கேவர்ன், ராடிஷ் ருயின்ஸ், கேரட் காஸில்னு ஏரியாவுக்கு பேர் வச்சிருக்காங்க, யாரோ காய்கறி வாங்கப் போன இடத்துல யோசிச்சிருக்கணும்.)

அப்ப சேர்ந்து ஆடுறது எங்கன்னு கேப்பீங்க. கிர்பி கையில ஒரு செல்போன் இருக்கு! பாஸ் ஃபைட்ல (பெரிய வில்லனோட சண்டையில) அடி தாங்கலயா, ஆர் பட்டன அமுக்குங்க, கிர்பி போன எடுத்து கூப்பிடும், மத்த கிர்பிங்க நட்சத்திரத்துல ஏறி நீங்க நிக்கிற ரூமுக்கே வந்து இறங்கும். பேட்டரி மூணு கட்டைதான், ஒரு கால் போட்டா ஒரு கட்டை போயிடும், வழியில பேட்டரி கிடைச்சா ஏறும். அதனால சின்ன விஷயத்துக்கெல்லாம் கூப்பிட மாட்டீங்க, நிஜமாவே வேணும்னாதான் கூப்பிடுவீங்க. இந்த ஒரு ஐடியாவுக்காகவே எனக்கு இந்த கேம் பிடிக்கும். ஆட ஆள் குறைஞ்சா மிச்ச கிர்பிய கம்ப்யூட்டர் ஆடும், ஆனா அதுங்கள நம்பாதீங்க, பாதி நேரம் சும்மா சுவத்துல முட்டிட்டு நிக்கும்.

புதுசா ஆடுறவருக்கு இன்னொரு வசதி, கிர்பி காத்த இழுத்து ஊதிக்கிட்டு பறக்கும், அதனால ஒரு ஜம்ப் தப்பினா உடனே சாவு இல்ல. எதிரிய முழுங்கினா அதோட பவர் வரும், அவ்ளோதான் கத்துக்க வேண்டியது.

குறைன்னா மேப். சத்தியமா குழப்பும். எந்த கதவு எங்க போகுதுன்னு புரியாம போன இடத்துக்கே திரும்பத் திரும்ப போவீங்க, அடுத்து எங்க போகணும்னு கேமும் வாய திறக்காது. பெரிய சுவிட்ச் எங்க பாத்தாலும் விடாம அமுக்கிடுங்க, எல்லா ஏரியாவுக்கும் வழி பிரியுற நடு ஹப்புல இருந்து நேரா போற கண்ணாடி கதவு அதுலதான் திறக்கும். ஒவ்வொரு ஏரியாவுக்கும் மேப் ஒரு பெட்டிக்குள்ள இருக்கும், முதல்ல அத தேடுங்க.

இப்ப எப்படி ஆடறதுன்னா, அந்த காலத்துல நாலு பேர் ஆட நாலு கன்சோல், நாலு கேசட், மூணு லிங்க் கேபிள் வேணும், அந்த கூத்தெல்லாம் இப்ப வேண்டாம். 2023 செப்டம்பர்ல ஸ்விட்ச் கன்சோலோட சந்தா சேவையான நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன்ல வந்திடுச்சு, ஆளுக்கொரு ஸ்விட்ச் இருந்தா ஆன்லைன்லயே சேர்ந்துக்கலாம். ஆனா சாதா மெம்பர்ஷிப் பத்தாது, அதுக்கு மேல இருக்கிற எக்ஸ்பான்ஷன் பேக் எடுத்திருக்கணும். யாராவது நின்டெண்டோவோட பழைய 3டிஎஸ் கன்சோல்ல இருக்குன்னு குடுத்தா வாங்கிக்காதீங்க, 2011ல அம்பாசடர் ஆளுங்களுக்கு (விலை குறையறதுக்கு முன்னாடியே 3டிஎஸ் வாங்கினவங்களுக்கு) ஃப்ரீயா குடுத்த அந்த வெர்ஷன்ல மல்டிபிளேயரே கிடையாது, ஒத்தையாதான் ஆடணும்.

ஆரம்பிக்கும்போது ஒண்ணு பண்ணுங்க, நல்லா ஆடுறவர் ஸ்டோன் இல்லன்னா ஹாமர் பவர கையிலயே வச்சுக்கட்டும், தரையில நட்டிருக்கிற முளைய அடிச்சு இறக்க அது வேணும், புதுசா ஆடுறவர் எது கிடைச்சாலும் முழுங்கி பாக்கட்டும். மினி பவர் கிடைச்சா மட்டும் விட்டுடாதீங்க, ஆள் குட்டியாயிடும், சண்டைக்கு ஒண்ணத்துக்கும் ஆகாது, ஆனா சின்ன சின்ன ஓட்டைக்குள்ள நுழைய அது ஒண்ணுதான் வழி.