சிவிங்கிப்புலிக் குட்டிக்கு முதுகில் சாம்பல் முடி: மகளின் விளக்கப்படம் பிழையா?

பள்ளிக் கண்காட்சிக்கு மகள் செய்யும் சிவிங்கிப்புலி (சீட்டா) வளர்ச்சி விளக்கப்படத்தில், குட்டியின் முதுகில் சாம்பல் முடி இருப்பது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அந்த முதல் படம் சரிதான், கழற்ற வேண்டாம். முதுகு முழுக்கச் சாம்பல் முடி சிலிர்த்து நிற்பது சிவிங்கிப்புலிக் குட்டியேதான். 3 மாதமளவில் அது குறையத் தொடங்கும். பிடரியில் மட்டும் கொஞ்சம் பிறகும் நிற்கும்.

எனக்குச் சந்தேகம் "6 மாதம்" என்று எழுதிய படத்தில்தான். இணையத்தில் தேடினால் நம் வில்பத்துக் காட்டுச் சிறுத்தைக் குட்டிகளும் கலந்து வரும். யாழ்ப்பாணம் டவுனில் கலர் பிரிண்ட் எடுக்க முன் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து வாயோரம் வரை கறுப்புக் கோடு இறங்க வேண்டும். இல்லையென்றால் அது சிறுத்தை. உடம்பிலும் வித்தியாசம் தெரியும்: சிவிங்கிக்கு நிரம்பிய கறுப்புப் புள்ளி, சிறுத்தைக்கு வளையம் வளையமாக.

அப்புறம், "1 வயது, தனி வாழ்க்கை" என்பது கொஞ்சம் அவசரம். ஏறக்குறைய 18 மாதம் வரை தாயோடுதான். தாய் பிரிந்த பிறகும் உடன்பிறந்தவை சில மாதம் சேர்ந்தே திரியும். பிறகு பெண் தனியே போய்விடும். ஆண் சகோதரர்கள் பெரும்பாலும் கடைசிவரை ஒன்றாகவே இருப்பார்கள். கண்காட்சியில் ஆசிரியர் கேட்டால் மகள் இதைச் சொல்லட்டும், நல்ல இடம்.

படத்தை மட்டும் பார்த்து வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. மாதங்களுக்கு முன் "ஏறத்தாழ" என்று எழுதச் சொல்லுங்கள்.