பி.சி.ஜி. ஒன்று, மருந்து இரண்டு

மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் தந்தைக்கு வயது 64. சிறுநீரில் ரத்தம் போனதால் பரிசோதித்து, சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். இப்போது வாரம் ஒரு முறை வீதம் ஆறு வாரம் பி.சி.ஜி. செலுத்த வேண்டும் என்கிறார்கள். அது குழந்தைக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசி அல்லவா? அப்பாவுக்குக் காசநோய் இல்லையே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவதை நாங்கள் ஏன் ஆயிரக்கணக்கில் வாங்க வேண்டும்? தெரிந்த ஒருவர் பாதி விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார்."

உங்கள் தந்தையாருக்குக் காசநோய் இருப்பதாக எண்ணி மருத்துவர் இதை எழுதவில்லை. மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியைக் கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1908 முதல் 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, நோய் தரும் வீரியத்தைக் குறைத்து உருவாக்கியதே பி.சி.ஜி. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. குழந்தையின் தோலில் போடும்போது அது காசநோய்க்கு எதிரான தடுப்பூசி. சிறுநீர்ப்பைக்குள் விடும்போதோ, அது உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களை அங்கே திரட்டி, மிச்சமிருக்கும் புற்றணுக்களைத் தாக்கச் செய்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு 1976 முதல் அறியப்பட்ட சிகிச்சை இது. உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து வகைப்பாட்டிலும் இதற்கு இரண்டு இடங்கள் உண்டு: தடுப்பூசிகளுக்கான ஜே 07 பிரிவில் ஒன்று, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளுக்கான எல் 03 பிரிவில் மற்றொன்று. உங்கள் சீட்டில் எழுதியிருப்பது இரண்டாவது. புற்று தசைக்குள் இறங்காமல் உள்சுவரோடு நின்றிருந்தால்தான் இது பொருந்தும். பயாப்சி அறிக்கையில் அந்த வரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சுகாதார நிலைய மருந்து இதற்கு உதவாது. பச்சிளங்குழந்தைக்குத் தோலில் ஏற்றுவது 0.05 மில்லி. பெரியவருக்கோ பொதுவாக 40 அல்லது 80 மில்லிகிராம் தூளை 50 மில்லி சலைனில் கலந்து, குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். இதிலுள்ள கிருமிகளின் எண்ணிக்கை குழந்தையின் ஊசியில் உள்ளதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. இந்தக் குப்பியிலுள்ளதை யாராவது கையிலோ நரம்பிலோ ஊசியாக ஏற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்கு வந்து போட்டுவிடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பாதி விலைக்காரரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்து, மாட்டுத்தாவணியில் ஐஸ் உருகிய தெர்மோகோல் பெட்டியோடு கைமாறும் குப்பியைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தூள் வெள்ளையாகவே இருக்கும், உள்ளே கிருமி செத்திருக்கும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பில் இல்லாமல் வாங்காதீர்கள். குப்பியின் லேபிளில் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவதற்கு மட்டும் என்று இருக்கிறதா என மருந்தாளுநரைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலும் கேளுங்கள். 1948 முதல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் வைத்திருக்கும் நாடு இது. 2008இல் அதன் உற்பத்தியையே தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். சிறுநீர்ப்பைக்கான பி.சி.ஜி.க்கு உலகமெங்கும் அடிக்கடி தட்டுப்பாடு வருகிறது என்று தெரிந்திருந்தும் மருத்துவமனையில் இருப்பு வைக்காமல், நோயாளியின் மகன் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து வெளியே அலையவிடுகிறார்கள். இடைத்தரகர் நுழைவதற்குக் கதவைத் திறந்து வைப்பது அந்தச் சீட்டுதான்.

மருந்து ஏற்றக்கூடாத நாள் ஒன்று உண்டு. குழாய் செருகும்போது உரசிக் காயமாகி ரத்தம் வந்தால், அன்றைக்கு மருந்தை விடக்கூடாது. காயம்பட்ட இடத்தின் வழியாக உயிருள்ள கிருமி நேரே ரத்தத்தில் கலந்து, உடலெங்கும் பரவக்கூடும். அப்படியானால் ஒரு வாரமாவது தள்ளிப்போட வேண்டும். வாங்கிய மருந்து வீணாகிறதே, மேலூரிலிருந்து மறுபடியும் வர வேண்டுமே என்று நீங்கள் வற்புறுத்தவும் கூடாது, வந்த நோயாளியைத் திருப்பி அனுப்ப அவர்கள் தயங்கவும் கூடாது. குழாய் போட்டதும் ரத்தம் தெரிந்ததா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே கேளுங்கள். கட்டியைச் சுரண்டி இரண்டு வாரம் ஆகியிராவிட்டாலும், சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தாலும் இதே விதிதான்.

மருந்து விட்ட பிறகு ஓரிரு நாள் எரிச்சலும் லேசான காய்ச்சலும் வரலாம். எரிகிறது என்று சொல்லிக் கடையில் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் மாத்திரைகளை வாங்கிப் போடாதீர்கள். அவை உள்ளே விட்ட பி.சி.ஜி. கிருமியையே கொன்று சிகிச்சையைக் கெடுத்துவிடக்கூடும். காய்ச்சல் 101 டிகிரிக்கு மேல் ஏறி ஒரு நாளைத் தாண்டியும் நின்றால், பக்கத்துக் கிளினிக்கில் வைரல் காய்ச்சல் என்று ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காமல், மருந்து செலுத்திய இடத்துக்கே உடனே அழைத்துச் செல்லுங்கள். இரவில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், சிறுநீர்ப்பைக்குள் பி.சி.ஜி. விட்ட தேதியை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.