ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு வெள்ளை டியூப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கதவிலேயே தண்ணீரும் ஐஸும் தரும் பெரிய ஃப்ரிட்ஜ்களைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட முடிந்தது.

சென்னையில் இரண்டாம் மாடி வீடு. எங்களுக்கு மேலே மொட்டை மாடியில்தான் தொட்டி. ஆர்.ஓ. மெஷினிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு டியூப் இழுத்தோம். ஐஸ் கட்டி சின்னதாக, நடுவில் ஓட்டையாக வருகிறது. ஃப்ரிட்ஜே கோளாறா? (வாசகி, மேடவாக்கம்)

ஃப்ரிட்ஜ் மேல் பழி போடாதீர்கள். அழுத்தம் போதவில்லை. பெரும்பாலான மாடல்கள் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) கேட்கின்றன, சில 30, 40 கூடக் கேட்கும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் கிடைப்பது சுமார் 14 பி.எஸ்.ஐ. உங்கள் வீட்டுக்கும் தொட்டிக்கும் 3 மீட்டர்தான் இடைவெளி என்றால் 4 சொச்சம். நம்மூர் ஆர்.ஓ. மெஷினின் தொட்டித் தண்ணீர் தானாக இறங்கி வருவது. அதில் அழுத்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

ஐஸ் சின்னதாவது சின்ன விஷயம். ஃப்ரிட்ஜுக்குள் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் மின்வால்வு இறுக்கமாக மூடுவதற்கே தண்ணீரின் அழுத்தம் துணை செய்கிறது. அழுத்தம் குறைந்தால் வால்வு சரியாக உட்காராமல் சொட்டும். சொட்டுவது ஐஸ் பெட்டியில் உறைந்து, பிறகு தரைக்கு வரும். அழுத்தம் கூடினால்தான் ஒழுகும் என்று நினைக்கிறோம், குறைந்தாலும் ஒழுகும். மாடல் கையேட்டில் என்ன அழுத்தம் கேட்டிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற சின்ன பம்பு ஒன்றைத் தானே நிற்கும் பிரஷர் ஸ்விட்சோடு ஆர்.ஓ.வுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் போடச் சொல்லுங்கள். பம்பு போட்ட பிறகு டியூபின் மேல் கவனம் இரண்டு மடங்காக வேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது.

டியூபில் சின்னக் கீறல். டேப் சுற்றி ஓட்டலாமா? (திருச்சி)

கூடாது. இன்றே மாற்றுங்கள்.

ஷோரூம் தள்ளுபடியில் ஐஸ் மேக்கர் வைத்த ஃப்ரிட்ஜ் வாங்கினோம். சமையலறையில் அதை வைக்கிற இடத்தில் தண்ணீர் பாயின்ட் இல்லை என்று இறக்கிய பிறகுதான் தெரிந்தது. திருப்பித் தர முடியுமா? (ஈரோடு)

பொருளில் குறை இல்லை. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தவில்லை. கடைக்காரர் மனம் வைத்தால் மாற்றித் தருவார், சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது. லட்ச ரூபாய்ப் பொருள் வாங்கப் போகிறவர் சமையலறைச் சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போக வேண்டாமா? கதவு அகலம், பிளக் பாயின்ட், தண்ணீர் பாயின்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. தண்ணீர் இணைக்காமல் ஐஸ் மேக்கரை அணைத்து வைத்துச் சாதாரண ஃப்ரிட்ஜாகப் பயன்படுத்தலாம். சமையலறைக்கு நடுவில் தரையில் டியூபை ஓட்டி மட்டும் இணைத்துவிடாதீர்கள்.

நான்கு நாள் ஊருக்குப் போகிறோம். ஃப்ரிட்ஜ் தண்ணீர்க் குழாயை மூட வேண்டுமா? (மதுரை)

மூடுங்கள். ஆனால் மூடுகிற பொறுப்பு முழுவதையும் கம்பெனிகள் உங்கள் தலையில் கட்டியிருக்கின்றனவே, அதுதான் என் வெகுநாள் ஆதங்கம்.

பின்பக்கம் கீழே குனிந்து பாருங்கள். மின்வால்வு ஃப்ரிட்ஜோடு இருக்கிறது. தண்ணீர் புறப்படுவது சுவர்க் குழாயில். நடுவில் கிடப்பது கால் அங்குல வெள்ளை டியூப். நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த டியூப் இரவு பகலாக முழு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டே நிற்கிறது. கம்ப்ரசர் சூடு அதன் மேல் படுகிறது. கூட்டிப் பெருக்க ஃப்ரிட்ஜை இழுக்கும்போதெல்லாம் மடங்குகிறது. எலிக்குப் பிடித்த இடமும் அதுதான். இருப்பதிலேயே பலவீனமான பாகத்துக்கு ஓய்வே இல்லாத வேலை.

அந்த வால்வைக் குழாய்ப் பக்கம் வைத்து ஒரு வயர் இழுத்தால், தேவைப்படும் சில நொடிகள் தவிர மற்ற நேரமெல்லாம் டியூபில் அழுத்தமே இருக்காது. இது புதுமை ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவும் மெஷின்கள் சிலவற்றில் ஹோஸுக்குள் ஹோஸ் வைத்து, உள்ளே இருப்பது வெடித்தால் குழாய் முனையிலேயே தண்ணீரை நிறுத்தும் வால்வு உண்டு. அதைவிட விலை கூடிய ஃப்ரிட்ஜுக்கு ஏன் தரவில்லை? அடியில் ஒரு தட்டும் ஈரம் உணரும் சென்சாரும் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பட்டுத் தெரிந்துகொண்டு பேசுகிறேன். நானும் ஃப்ரிட்ஜோடு வந்த டியூப் நீளம் பற்றாமல் ஹார்டுவேர் கடையில் மலிவான இணைப்பு செட் ஒன்று வாங்கி மாட்டினேன். ஊர்த் திருவிழாவுக்குப் போய் மூன்றாம் நாள் வந்தபோது கதவுக்கு வெளியே வரை தண்ணீர். சமையலறை அலமாரியின் பிளைவுட் அடிப்பக்கம் அப்பளமாக உப்பியிருந்தது. கழன்று கிடந்த டியூபின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நேராக வெட்டாமல் கத்தியால் சாய்வாக வெட்டியிருந்தது. இணைப்பின் பல் பதிந்த தடம் முனையிலிருந்து ஒரு நெல் நீளத்தில். இன்னும் ஆழமாக உள்ளே போயிருக்க வேண்டும். கழலாமல் பிடிக்கும் பூட்டு கிளிப் போடவே இல்லை. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 2,880 லிட்டர். தொட்டி காலியானால் நின்றிருக்கும். ஆட்டோமேடிக் மோட்டார் விடவில்லை. காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருந்தது.

கம்பெனிகள் மாறும்வரை நாம்தான் செய்ய வேண்டும். குழாய்க்கு அருகே கை எட்டும் இடத்தில் தனி வால்வு. டியூபுக்குப் பதிலாக எஃகு வலை சுற்றிய, குடிநீருக்கான ஹோஸ். ஆர்.ஓ. உதிரிபாகக் கடைகளில் கசிவு வால்வு என்று ஒன்று கிடைக்கிறது: ஈரம் பட்டதும் உள்ளே இருக்கும் வில்லை உப்பித் தண்ணீர் வரத்தை அடைத்துவிடும், கரன்ட் வேண்டாம், ஒருமுறை உப்பினால் வில்லையை மட்டும் மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் சுவரில் ஏற்றுங்கள். மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

கடை அனுப்பிய ஆள் வந்துதான் இணைத்தார். ஐந்தாம் மாதம் டியூப் கழன்று, எங்கள் மர வேலை எல்லாம் போயிற்று, கீழ் வீட்டு சீலிங்கும் வீணாயிற்று. கம்பெனி “அது பிளம்பிங்” என்கிறது, கடை “கம்பெனியைக் கேளுங்கள்” என்கிறது. கீழ் வீட்டு அக்கா முகத்தில் விழிக்க முடியவில்லை. (வாசகி, கோவை)

அம்மா, முதலில் ஒன்று. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அந்த அக்காவிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். அவர் வீட்டுச் சேதத்தையும் சேர்த்தே படம் எடுத்து வையுங்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆறாம் அத்தியாயம் முழுக்கப் பொருளால் வந்த தீங்குக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியது. ஃப்ரிட்ஜுக்கு வந்த சேதம் வேறு, ஃப்ரிட்ஜால் வீட்டுக்கு வந்த சேதம் வேறு. இந்த இரண்டாவதைத்தான் அங்கே ‘தீங்கு’ என்கிறார்கள். தயாரிப்பில் குறை மட்டுமல்ல, வடிவமைப்பில் குறை இருந்தாலும், போதுமான எச்சரிக்கை தராவிட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது 84ஆம் பிரிவு. பொருத்திக் கொடுப்பதில் தகுந்த கவனம் எடுக்காத விற்பனையாளரை 86ஆம் பிரிவு பிடிக்கிறது. ஆகவே வழக்கு என்று வந்தால் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை நுகர்வோர் ஆணையம் பார்த்துக்கொள்ளும்.

கழன்ற டியூபையும் இணைப்பையும் தூக்கி எறியாதீர்கள். உங்களிடம் இருக்கும் பெரிய சாட்சி அதுதான். பில், இணைக்க வந்தவரின் ஜாப் ஷீட், தச்சரிடம் வாங்கிய செலவு மதிப்பீடு எல்லாம் சேர்த்து எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். மசியாவிட்டால் நீங்கள் இருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விட்டுக்கொடுக்காதீர்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

போர் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 1,400. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஃபில்டர் இருக்கிறதே, நேராக இணைக்கலாமா? (ஓசூர்)

வேண்டாம். அதில் இருப்பது கார்பன். குளோரின் வாடையையும் ருசியையும் சரி செய்யும். கரைந்த உப்பைத் தொடாது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 2,000 வரை. அதோடு உப்பு படிந்தால் வால்வு முழுசாக மூடாது.

கையால் தண்ணீர் ஊற்றுகிற டிஸ்பென்சர் வைத்த ஃப்ரிட்ஜ் போதுமா, இல்லை குழாய் இணைப்பு உள்ளதுதான் நல்லதா? (தஞ்சாவூர்)

போதும். ஒழுகினாலும் தொட்டியில் இருக்கும் சில லிட்டரோடு முடிந்தது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் வாரக் கணக்குப் பார்க்காமல் உடனே கழுவுங்கள்.