அப்பாவின் பிடிவாதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அஃபேசியா, அதாவது மூளை பாதிப்பால் வரும் மொழிக் குறைபாடு, என்கிறார்கள். ஓரிரு சொற்கள்தான் பேசுகிறார். ஆனால் நாங்கள் பேசுவது முழுசாகப் புரிகிறது. கண்ணாடி எங்கே என்றால் காட்டுகிறார், கிண்டல் செய்தால் சிரிக்கிறார். அப்படிப்பட்டவர், “அண்ணனிடமிருந்து சாவியை வாங்கிக்கோங்க” என்றால் தன்னிடமுள்ள சாவியை அண்ணனிடம் நீட்டுகிறார். நோயைவிடப் பிடிவாதம்தான் அதிகம் என்று தோன்றுகிறது. தினமும் மாலையில் பொருட்களைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டுப் பயிற்சி தருகிறேன். கோபப்படுகிறார். வீட்டுக் கணக்கு நோட்டையும் வாங்கி வைத்துவிட்டோம். கைபேசிச் செயலிகள் பயன்படுமா? எந்த மாதிரிப் புத்தகங்களை வாசித்துக் காட்டலாம்?

ர.

அன்புள்ள ர.,

செயலியைப் பற்றி அப்பாவைப் பார்க்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகம் அப்புறம். போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே ஒரு சாவி, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

“முழுசாகப் புரிகிறது” என்கிறீர்கள். மருத்துவ உலகமும் வெகுகாலம் ஏறக்குறைய அப்படித்தான் நம்பியது. 1861இல் பால் புரோக்கா, ‘டான்’ என்ற அசையைத் தவிர அநேகமாக வேறெதுவும் சொல்ல முடியாத ஒரு நோயாளியை விவரித்தார். 1874இல் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பிறர் பேச்சைப் பிடிக்க முடியாதவர்களை விவரித்தார். மூளையின் இடப்பக்கத்தில் முன்னால் அடிபட்டால் பேச்சு போகும், பின்னால் அடிபட்டால் புரிதல் போகும் என்று சௌகரியமான ஒரு பாகப்பிரிவினை நடந்து முடிந்தது.

1976இல் கரமாசா, சூரிஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைக் கலைத்தார்கள். “பையன் தின்கிற ஆப்பிள் சிவப்பு” என்பது போன்ற வாக்கியங்களுக்குப் புரோக்கா வகை நோயாளிகள், அதாவது பேச்சு குறைந்துபோனவர்கள், சரியான படத்தைக் காட்டினார்கள். “புலி துரத்துகிற சிங்கம் குண்டு” என்ற ரகத்துக்கு வந்ததும் விடைகள் பூவா தலையா கணக்கில் வந்தன. ஆப்பிள் பையனைத் தின்னாது; இலக்கணம் வந்து சொல்ல வேண்டியதில்லை. சிங்கமும் புலியும் அப்படியா? எது எதை வேண்டுமானாலும் துரத்தலாம். அங்கே இலக்கணத்தை விட்டால் வேறு துணை கிடையாது.

வீட்டில் நாம் பேசுவது பெரும்பாலும் ஆப்பிள் வாக்கியங்கள். கண்ணாடியைக் காட்ட அந்த ஒரு சொல்லும் உங்கள் கண் போகும் திசையும் போதும். கிண்டலுக்குச் சிரிக்க முகமும் குரலும் போதும். சாவி விஷயத்தில் ‘அண்ணன்’ கிடைத்திருக்கும், ‘சாவி’ கிடைத்திருக்கும். ‘இடமிருந்து’ என்கிற வால்தான் நழுவியிருக்கும். சின்ன வால்தான். ஆனால் “அக்காவைத் தங்கை தள்ளினாள்” என்பதில் விழுந்தது யார் என்று சொல்வது அந்த ஒற்றை ‘ஐ’ அல்லவா? கிடைத்த இரண்டு சொல்லை வைத்து மனிதர் நியாயமான ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். இதைப் பிடிவாதம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

என் பெரியம்மாவையும் இப்படித்தான் சொன்னார்கள். “சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை” என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். தலையாட்டுவார். தட்டு காலியான பிறகு மாத்திரை அட்டையை எடுத்துப் பிரிப்பார். காதில் விழுந்த வரிசையிலேயே செய்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆளாளுக்குக் குரலை உயர்த்தினோம், அவருக்குக் காது நன்றாகவே கேட்டும். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் ஒருநாள் அதைப் பார்த்தார். “முதலில் மாத்திரை” என்று சொல்லி அதைக் கையில் வைத்தார். காத்திருந்தார். பெரியம்மா விழுங்கினார். “இப்போது சாப்பாடு.” அவ்வளவுதான் வித்தை. பெரியம்மா எங்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். திட்டுவதற்குச் சொல் கிடைக்கவில்லையே தவிர, திட்டில் குறை இல்லை.

போரில் தலையில் காயம்பட்டவர்களிடம் ரஷ்ய நரம்பியல் உளவியலாளர் லூரியா இதைப் பார்த்திருக்கிறார். அப்பா தெரியும், தம்பி தெரியும். ‘அப்பாவின் தம்பி’, ‘தம்பியின் அப்பா’ என்று கோத்துவிட்டால் எது யார் என்று பிரிக்க வராது. முன், பின் என்று காலத்தைத் திருப்பிப் போடும் வாக்கியங்களிலும் அதே தடுமாற்றம்.

அப்புறம் அந்த மாலை நேரப் பரீட்சை. தயவுசெய்து நிறுத்துங்கள். 1980களின் தொடக்கத்தில் மில்பெர்க், பிளம்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் வெர்னிக்கே வகை நோயாளிகளைச் சோதித்தார்கள். இரண்டு சொற்களுக்குள் உறவு உண்டா என்று நேராகக் கேட்டால் அவர்கள் தடுமாறினார்கள். அதே ஆட்களுக்கு ‘நாய்’ மாதிரி ஒரு சொல்லை முதலில் காட்டிவிட்டால், அடுத்து வரும் ‘பூனை’ சரியான சொல்தானா என்று தீர்மானிப்பது சுலபமாயிற்று. நேராகக் கேட்டால் சொல்ல முடியாத உறவு உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பதிலுக்காக ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உங்களுக்கும் எனக்குமே பெயர்கள் மறந்துபோகும். பயிற்சியைப் பயிற்சியாளர் சொன்னபடி செய்யுங்கள். நீங்கள் மகளாக இருங்கள். வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், நடக்கிற வரிசையிலேயே சொல்லுங்கள், சொன்ன பிறகு கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.

கணக்கு நோட்டைப் பிடுங்கியதற்கு ஒரு காரணமும் நீங்கள் எழுதவில்லை. கூட்டலில் தப்பு வந்ததா? வந்ததாகச் சொல்லவில்லையே. 2005இல் ரோஸ்மேரி வார்லி குழுவினர் கடுமையான அஃபேசியா உள்ள 3 ஆண்களை ஆராய்ந்தார்கள். யார் யாரை என்ன செய்தார் என்று வாக்கியத்தில் பிரிக்க முடியாத அவர்கள், எந்த எண்ணிலிருந்து எதைக் கழிப்பது என்பதில் குழம்பவில்லை. அடைப்புக்குறி போட்ட கணக்கையும் செய்தார்கள். எல்லோருக்கும் இப்படி இருக்காது. பலருக்குக் கணக்கும் சேர்ந்தே அடிபடும். உங்கள் அப்பா எந்த ரகம் என்று பார்க்காமலே முடிவுகட்டிவிட்டீர்கள். இன்றைக்கே நோட்டையும் பேனாவையும் அவரிடம் திருப்பிக் கொடுங்கள். கூட்டல் தப்பினால் அப்போது எனக்கு எழுதுங்கள், பேசலாம்.