ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச் வளாகத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அவர்தான். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியேறினார். 1912-ல் கல்கத்தாவில் இறந்தார்.

சரி, வெள்ளைக்காரர் ஊரில் வெள்ளைக்காரர் நினைவிடம், இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். அவருடைய மாமனார், பாதிரியார் பீட்டர் பெர்சிவலைச் சொன்னால் அப்படிக் கேட்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர். அப்புறம் சென்னையில் ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தினார். 6,000-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874-ல் வெளியிட்டார். அவர் காலமானதும் ஏற்காட்டில்தான், 1882-ல்.

காபித் தோட்டக்காரர்களும் அதிகாரிகளும் மலைக்கு வந்த காலத்துச் சர்ச் இது. ஏரிப் படகுத்துறையோடு திரும்பிவிடாதீர்கள்.